நல்ல சீவுளி எது? கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனையில் இரண்டு பேர் வேலை செய்யும் சின்னத் தச்சுப் பட்டறை. கதவு, மேசை, அலுமாரி வேலை. மரம் பெரும்பாலும் மகோகனி, தேக்கு, பலா, எப்போதாவது முதிரை. மரம் இழைக்கும் மின்சாரச் சீவுளி ஒன்று இருக்கிறது. பழைய சோனகத் தெருவில் மலிவாக ஒரு கைச்சீவுளி வாங்கினீர்கள், அதை மகோகனியில் வைத்தால் நார் பிய்ந்து வருகிறது. அதனால் இனி நல்லதாக ஒரு செட், நாலாம் நம்பரில் இருந்து எட்டாம் நம்பர் வரை, வாங்க நினைக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்து தருவிப்பதா, இங்கேயே தேடுவதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியில், அப்பப்பாவின் மரச் சீவுளி ஒன்று வீட்டில் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கும் வருகிறேன்.

முதலில் செட் என்ற எண்ணத்தை விடுங்கள். சீவுளியின் நம்பர் அளவைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஐந்தாம் நம்பர் நாலாம் நம்பரை விட ஒரு படி உயர்ந்தது என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்று நாம் கையில் எடுக்கும் இரும்புச் சீவுளி பெரும்பாலும் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் வடிவம். 1869இல் ஸ்டான்லி கம்பெனி அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. ஸ்டான்லி போட்ட நம்பர்களைத்தான் மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. 4ஆம் நம்பர் ஏறக்குறைய 9½ அங்குல நீளம், 5 என்றால் 14 அங்குலம், 6 என்றால் 18, 7 என்றால் 22, 8 என்றால் 24. அவ்வளவுதான் கணக்கு.

நீளம் எதற்கு என்று விளங்கிவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். ஒரு பலகையின் விளிம்பில் மேடு பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். குட்டையான சீவுளி பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயும் சீவிவிடும். விளிம்பு மினுமினுப்பாக வரும், நேராக வராது. நீளமானது இரண்டு மேட்டின் மேலும் பாலம் மாதிரி நிற்கும். மேடு குறையும் வரைக்கும் வெட்டும் அலகு பள்ளத்தைத் தொடாது. தன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள விளிம்பை ஒரு சீவுளி சிரமமில்லாமல் நேராக்கும் என்பது தச்சர்கள் கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 5ஆம் நம்பருக்கு இரண்டேகால் அடி வரை சுகம். கைபழகியவர் நாலு அடியையும் அதில் எடுத்துவிடுவார். ஆறேமுக்கால் அடிக் கதவின் விளிம்புக்கு 7 இருந்தால் நிம்மதி.

உங்கள் பட்டறைக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் நல்ல 5ஆம் நம்பர் ஒன்று. அதற்கு இரண்டாவது அலகு ஒன்று, அதன் மேல் திருகாணியால் பொருத்தும் மேல்தகட்டோடு சேர்த்து. ஓர் அலகின் விளிம்பை நன்றாக வளைத்துத் தீட்டி வையுங்கள், முரட்டு வேலைக்கு. மற்றதைக் கிட்டத்தட்ட நேராக வைத்து, இரண்டு மூலையை மட்டும் மயிரளவு தாழ்த்துங்கள், முடிப்பு வேலைக்கு. ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், ஒரே உடலில் இரண்டு சீவுளி. அடுத்தது ஒரு கையில் பிடிக்கும் பிளொக் சீவுளி, 60½ என்ற குறைந்த சாய்வு வகை. அதன் அலகு 12 பாகையில் படுத்திருக்கும், தீட்டிய முகம் மேலே பார்க்கும். பலகையின் வெட்டுமுனையைச் சீவ, கூர் விளிம்பை உடைக்க, லாச்சி இறுகினால் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுக்க, நாளுக்கு இருபது தரம் கை போவது இதற்குத்தான். மூன்றாவதாக 7, அதுவும் பழையது கிடைத்தால். கடைசியாக 4. ஆறும் எட்டும் உங்களுக்கு இப்போது வேண்டாம். பெரிய பலகையை ஆலையில் கொடுத்துத் தடிப்புச் சீவி எடுக்கிறீர்கள் என்றால் அவை அலுமாரியில்தான் தூங்கும்.

சரி, தரம். புறக்கோட்டையில் கடைக்காரர் பெட்டியைத் திறந்து வைத்ததும் நாம் முதலில் பார்ப்பது பளபளப்பையும் கைப்பிடியையும். இரண்டும் எதையும் சொல்லாது. கடைக்குப் போகும்போது 12 அங்குல உருக்கு அடிமட்டம் ஒன்றும், வாகனத்துக்கு டெப்பட் சரிபார்க்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும் கொண்டுபோங்கள். கேஜ் பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். அலகை உள்ளே இழுத்துக்கொண்டு, சீவுளியைக் கவிழ்த்து, அடியின் மேல் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூன்று இடம் ஒரே நேரில் இருக்க வேண்டும்: மூக்கு என்ற முன்முனை, அலகு வெளியே நீட்டும் வாயின் முன்விளிம்பு, குதி என்ற பின்முனை. இவற்றுக்கு நடுவே லேசான குழி இருந்தால் பொருட்டில்லை. வாயின் முன்விளிம்பில் குழி இருந்தால் அதை வாங்காதீர்கள். அந்த விளிம்புதான் அலகு கடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் நாரை அமுக்கிப் பிடிப்பது. 0.05 மி.மீ. தகடு அங்கே தாராளமாக நுழைந்தால் வைத்துவிட்டு அடுத்த பெட்டியைக் கேளுங்கள். பிறகு இரண்டு ஓரத்துக்கும் குறுக்கே, மூலைக்கு மூலை அடிமட்டத்தை வைத்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குழியைத் தேய்த்து எடுக்கலாம். முறுக்கை எடுப்பது பெரிய வேலை.

அடுத்தது, அலகு சாய்ந்து உட்காரும் அந்தத் தனி வார்ப்பு, ஃப்ரொக் என்பது. இதைக் கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் விடாவிட்டால் அலகையாவது கழற்றிப் பாருங்கள். ஃப்ரொக்கின் முகம் சீராகக் கடைசல் பிடித்திருக்கிறதா, அல்லது பெயின்ற் கட்டியும் வார்ப்பு மேடுமாக இருக்கிறதா? மலிவுச் சீவுளிகளில் பெரும்பாலும் இங்கேதான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். அலகு இரண்டு மேட்டின் மேல் தத்தளித்துக்கொண்டு நின்றால் கெட்டி மரத்தில் நடுங்கும். சீவிய முகத்தில் நெருக்கமாக வரி வரியாக விழும். அந்த வரிக்கு அலகைக் குற்றம் சொல்லித் திரும்பத் திரும்பத் தீட்டுபவர்கள் பலர். ஸ்டான்லி பெட்ரொக் என்று ஒரு வகை செய்தது, அதில் ஃப்ரொக்கின் அடி முழுவதும் உடலோடு ஒட்டி உட்காரும். அலகைக் கழற்றாமலே வாயைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் முடியும். இன்று விலை கூடிய சீவுளிகளில் பல இந்த வடிவத்தில் வருகின்றன. சாதாரண பெய்லி வடிவம் மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. கவனமாகக் கடைந்த பெய்லி நூறு வருடம் உழைக்கும், உழைத்தும் இருக்கிறது.

ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சில்லைச் சுழற்றுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வெற்றுச் சுற்று இருக்கும். அரைச் சுற்று, ஒரு சுற்று என்றால் சரி. மூன்று சுற்றுச் சுழற்றியும் அலகு அசையவில்லை என்றால் தினமும் எரிச்சல்படுவீர்கள்.

இனி அலகு. சீவுளி வாங்குகிறவர்கள் காசைக் கொட்ட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். தொழில் தொடங்கிய காலத்தில் நானும் மலிவாக ஒன்று வாங்கினேன். தீட்டியவுடன் மயிரை வழிக்கும். பலாப் பலகையில் பத்து இழுப்புக்குள் விளிம்பு மழுங்கிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பு உடையவில்லை, ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. உருக்கு மென்மை. அந்த அலகை எத்தனை தீட்டினாலும் அதே கதைதான். கடையில் வைத்தே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சின்ன அரம் ஒன்றால் அலகின் பக்கவாட்டில், கூர் விளிம்புக்குச் சற்று மேலே மெதுவாக ஒரு தரம் இழுங்கள். நன்றாகக் காய்ச்சித் தோய்த்த உருக்கில் அரம் வழுக்கும், பட்டும் படாமலும்தான் கடிக்கும். வெண்ணெய் மாதிரி இறங்கினால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள்.

உருக்கின் பெயர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓ1 என்பது தீட்ட இலகுவான, மிகக் கூரான விளிம்பு தரும் பழைய நம்பிக்கையான உருக்கு. ஏ2 கூடுதல் நேரம் தாங்கும், தீட்டவும் கூடுதல் நேரம் எடுக்கும். பிஎம்-வி11 என்பது கனடாவின் வெரிட்டாஸ் கம்பெனி பாவிக்கும், தூள் உலோக முறையில் செய்த உருக்கு. கூராகவும் வரும், நெடுநேரமும் நிற்கும், விலையும் அப்படியே. நமது தேக்கில் மணற்சத்து உண்டு. அது எந்த அலகையும் வேகமாகத் தேய்க்கும். தேக்கில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு ஏ2 அல்லது பிஎம்-வி11 பலன் தரும். மகோகனிக்கும் பலாவுக்கும் ஓ1 தாராளம். கல்லில் இரண்டு நிமிடத்தில் திரும்பவும் வேலைக்கு வந்துவிடும்.

இப்போது உங்கள் மகோகனிக்கு வருவோம். நீங்கள் புதுச் சீவுளி தேடக் காரணமே இதுதான், ஆனால் புதுச் சீவுளி இதைத் தானாகத் தீர்க்காது. மகோகனியிலும் பலாவிலும் முதிரையிலும் நார் நேராக ஓடுவதில்லை. மரம் வளரும்போது சில வருடம் வலப்பக்கம் சாய்ந்து ஏறும், பிறகு சில வருடம் இடப்பக்கம். அதைப் பலகையாக அறுத்தால் நாடா நாடாவாகப் பளபளக்கும் அழகு அதனால் வருவது. ஒரு நாடாவில் நார் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும், பக்கத்து நாடாவில் உங்களுக்கு எதிராக. எந்தப் பக்கம் இருந்து சீவினாலும் பாதிப் பலகையில் எதிர் ஓட்டம்தான். எதிர் ஓட்டத்தில் அலகு நாரை வெட்டுவதற்கு முன்னால் சீவல் ஒரு நெம்புகோல் மாதிரி மேலே எழும்பி, அலகுக்கு முன்னாலேயே மரத்தைப் பிளந்துகொண்டு போகிறது. அந்தப் பிளவுதான் நீங்கள் பார்க்கும் பள்ளம்.

இதைத் தடுக்கத்தான் அலகின் மேல் அந்த மேல்தகடு. பலர் அது அலகை இறுக்கிப் பிடிக்க மட்டும் என்று நினைத்து, விளிம்பில் இருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் பின்னால் வைத்துவிடுகிறார்கள். அங்கே அது சும்மா இருக்கிறது. ஜப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரண்டு பேராசிரியர்கள் சீவல் உருவாகும் இடத்தை மிக அருகில் வைத்துப் படம் எடுத்துக் காட்டினார்கள். மேல்தகட்டை விளிம்பில் இருந்து 0.1, 0.2 மி.மீ. அளவுக்கு முன்னால் கொண்டுவந்தால், எழும்பும் சீவலை அது முன்னோக்கித் தள்ளி மடக்கிவிடுகிறது. நெம்ப இடம் கிடைக்காததால் நார் பிளக்காமல் வெட்டுப்படுகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இதில் யாருக்கும் சந்தேகம் வராது. பழைய கைத்தச்சர்கள் இதைக் கையால் அறிந்திருந்தார்கள்.

செய்வது எப்படி என்று சொல்கிறேன். அலகைத் தீட்டி முடித்ததும் மேல்தகட்டின் அடிவிளிம்பைக் கல்லில் தேய்த்து, அலகோடு வைத்துச் சன்னல் வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இடையில் ஒரு கீற்றுக் கூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் சீவல் அதற்குள் புகுந்து அடைக்கும். முன்முகத்தை 50 பாகைக்குக் குறையாமல், சற்றுச் செங்குத்தாகத் தீட்டுங்கள். பிறகு திருகாணியை அரைகுறையாக இறுக்கிக்கொண்டு, பெருவிரலால் மேல்தகட்டை மெல்ல மெல்ல முன்னே தள்ளுங்கள். விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோடு தெரியும், அலகில் மேல்தகடு மறைக்காத பகுதி. அது ஒரு தலைமயிர் அகலத்துக்கு, அல்லது இரண்டுக்கு வந்ததும் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கும்போது தகடு கொஞ்சம் முன்னே நகரும், அதற்கும் இடம் விடுங்கள். இனி மெல்லிய சீவலாக ஒன்று எடுங்கள். சீவல் சுருண்டு விழாமல் வாயில் இருந்து நேராக நிமிர்ந்து எழும்பினால் சரியாக வைத்துவிட்டீர்கள். விசிறி மடிப்பு மாதிரி நெருக்கி மடிந்து வந்தால் கூடக் கிட்ட வந்துவிட்டது, கொஞ்சம் பின்னே எடுங்கள்.

முதல் நாள் இதற்கு அரை மணித்தியாலம் போகும். ஒரு மாதத்தில் பழகிவிடும். அதனால், வாங்கிய அந்த மலிவுச் சீவுளியை இப்போதே ஒதுக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன சோதனைகளை அதிலும் செய்யுங்கள். அடி நேராகவும் ஃப்ரொக் ஒழுங்காகவும் இருந்து அலகு மட்டும் மட்டமென்றால், உங்களிடம் ஏற்கனவே ஒரு நல்ல சீவுளி இருக்கிறது, அலகுதான் வேண்டும்.

முதிரை வேறு விதமான மரம். அத்தனை கெட்டி, நாரும் பின்னிக்கொண்டு ஓடும். மேல்தகட்டைக் கிட்ட வைத்தும் அங்கங்கே பிய்ந்தால், அலகின் தட்டையான முதுகுப் பக்கத்தில், விளிம்பில் மட்டும், 15 பாகையில் ஒரு நூலளவு தீட்டுங்கள். 45 பாகையில் சாய்ந்திருக்கும் அலகு மரத்தை 60 பாகையில் சந்திக்கும். தள்ள இரட்டிப்புப் பலம் வேண்டும், ஆனால் பிய்க்காது. அப்படியும் மிஞ்சும் இடத்துக்குக் கைச் சுரண்டுதகடு. இதற்கென்று தனிச் சீவுளி தேவையில்லை.

இப்போது பிராண்டுகள். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் 1981இல் தொடங்கிய லீ-நீல்சன், கனடாவின் வெரிட்டாஸ், இரண்டும் பெட்டியைத் திறந்து அலகை ஒரு தரம் தீட்டினால் அன்றே வேலை செய்யும். உடல் டக்டைல் இரும்பு வார்ப்பு. இதன் அருமை எனக்குக் கீழே போட்ட பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் பழைய 5ஆம் நம்பரை ஒருநாள் மேசை விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சீமெந்துத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வாயின் ஓரத்தில் இருந்து பக்கச்சுவர் வரைக்கும் ஒரு கீறல். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு அப்படித்தான், கண்ணாடி போல வெடிக்கும். டக்டைல் வளையுமே தவிர இலகுவில் உடையாது. அந்தச் சீவுளியை இன்னும் வைத்திருக்கிறேன், வேலைக்கு எடுப்பதில்லை. அன்றிலிருந்து வேலை மேசையைச் சுற்றிப் பழைய ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள்.

இந்த இரண்டு பிராண்டையும் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், ஏமாறமாட்டீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நல்ல 4ஆம் நம்பரே அங்கே ஏறக்குறைய 300 டொலர். 7ஆம் நம்பர் மூன்றரைக் கிலோ அளவு வரும், அதற்கு அனுப்புகூலி, இங்கே வந்ததும் சுங்கத் தீர்வை. புதுப் பட்டறை அந்தப் பணத்துக்கு உலர்ந்த மகோகனி வாங்கலாம். சீனாவில் செய்யும் பெட்ரொக் வடிவச் சீவுளிகள், வுட்ரிவர், குவாங்ஷெங் போன்றவை, பாதி விலையில் முக்கால் தரத்துக்கு மேல் தருகின்றன. இந்தியாவின் அனந்த், குரோஸ் வகைகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கூட. ஒன்று நேராக இருக்கும், பக்கத்துப் பெட்டியில் இருப்பது கோணலாக இருக்கும். அதனால் அவற்றைக் கையில் எடுத்துச் சோதித்துத்தான் வாங்க வேண்டும், சொல்லி அனுப்பி வாங்கக் கூடாது.

என் யோசனை வேறு. உடலை இங்கே தேடுங்கள், அலகை மட்டும் தருவியுங்கள். அலகும் மேல்தகடும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள்தான், சின்னப் பொதியில் வந்துவிடும். உடலுக்கு, பழைய ஆங்கில ஸ்டான்லி அல்லது ஷெஃபீல்டில் செய்த ரெக்கோர்ட். ரெக்கோர்ட் 1931இல் சீவுளி செய்யத் தொடங்கியது. அவற்றில் பழைய வார்ப்புகள் இன்றைய மலிவுச் சாமான்களை விட எத்தனையோ மேல். மொறட்டுவையிலும் சுற்றுப்புறத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தளபாட வேலை நடக்கிறது. ஓய்வெடுத்த தச்சுப் பாஸ்மாரின் பெட்டிகளில் இப்படி எத்தனையோ துருப்பிடித்துக் கிடக்கின்றன, பிள்ளைகள் மெஷின் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆலையிலும் மரக்காலையிலும் சொல்லி வையுங்கள். சிங்களத்தில் யத்த என்று கேட்டால் உடனே விளங்கும். நான் பாவிக்கும் 7ஆம் நம்பர் அப்படி வாய்வார்த்தையில் வந்ததுதான்.

பழையது வாங்கும்போது துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலோட்டமான துருவை ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்து, தேய்த்து, சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூசினால் போய்விடும். பயப்பட வேண்டியவை வேறு. வாயைச் சுற்றிக் கீறல். பக்கச்சுவரில் புதுப் பெயின்ற். அதற்கு அடியில் பித்தளை ஒட்டு ஒளிந்திருக்கலாம், நகத்தால் வருடிப் பாருங்கள். குறைந்த திருகாணி: ஸ்டான்லியின் மரைகள் பொது அளவில் இல்லை, ஒன்று தொலைந்தால் எந்தக் கடையிலும் பொருந்தாது. அலகின் முதுகில், விளிம்புக்கு அருகே, ஊசிக் குத்து மாதிரித் துருக்குழி இருந்தால் அந்த அலகை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எப்படியும் புதிது வாங்கப் போகிறீர்கள்.

புது அலகு வாங்கும்போது ஒரு கவனம். பழைய ஸ்டான்லி அலகு சுமார் 2 மி.மீ. தடிப்புத்தான். இப்போது வரும் தடித்த அலகுகள் 3 மி.மீ.க்கும் மேல் இருப்பதுண்டு. அதைப் போட்டால் வாய் போதாமல் சீவல் அடைக்கும். ஆழம் கூட்டும் நாக்கும் மேல்தகட்டின் துளையை எட்டாமல் போகலாம். பெய்லி வடிவத்துக்கு என்று குறிப்பிட்டு விற்கும், சற்று மெல்லிய அலகையே எடுங்கள். வாயை அரத்தால் பெரிதாக்குவது கடைசி வழி, எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

அடியைச் சமப்படுத்த இங்கே நல்ல வசதி உண்டு. பென்ட்ரி மேசைக்குக் கருங்கல் வெட்டும் கடைகளில் துண்டுக் கல் மலிவாகக் கிடைக்கும். இரண்டு அடி நீளத்தில் ஒன்று எடுத்து, 80 தர சான்ட் பேப்பரை அதில் ஒட்டுங்கள். அலகைப் பொருத்தி, வேலை செய்யும் இறுக்கத்திலேயே, ஆனால் வாய்க்கு உள்ளே இழுத்து வைத்துத் தேயுங்கள். அந்த இறுக்கத்தில் உடல் மயிரளவு வளையும், வளைந்த நிலையில்தான் அது வேலை செய்கிறது. அடி முழுவதும் மார்க்கர் பேனையால் குறுக்குக் கோடு போட்டால் எங்கே தேய்கிறது என்று தெரியும். மூக்கிலும் வாயிலும் குதியிலும் கோடு அழிந்ததும் நிறுத்துங்கள். நடுக் குழியில் மை மிஞ்சி நின்றால் நிற்கட்டும்.

தீட்டுவதற்கு 1000, 6000 தரக் கல் இரண்டு போதும். 25 பாகையில் பெருமுகம், விளிம்பில் மட்டும் 30. அலகை ஒரே சாய்வில் வைத்துத் தீட்ட, இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும், ஒற்றைச் சில்லு உள்ள ஹோனிங் கைட் வாங்கினால், அலகை 38 மி.மீ. வெளியே நீட்டி இறுக்குங்கள், 30 பாகை வரும், 50 மி.மீ. நீட்டினால் 25. ஒரு மரத்துண்டில் இந்த இரண்டு அளவுக்கும் தடுப்புக் கட்டை அடித்து வைத்தால் அளக்கும் வேலையும் இல்லை. உங்கள் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தீட்டும் சாமானுக்கு ஒதுக்குங்கள் என்று சொன்னால் கூடுதலாகத் தெரியும். ஒதுக்குங்கள்.

கொழும்பின் ஈரக் காற்று வேறு. நான் இருப்பது வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம். துடைக்காமல் வைத்த சீவுளியில் மறுநாள் காலையில் என் கைவிரல் அடையாளம் சிவப்பாகப் பதிந்திருக்கும், வியர்வை உப்பும் கடல் உப்பும் சேர்ந்து. கொட்டாஞ்சேனையும் துறைமுகத்துக்குப் பக்கம்தான். வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு தரம் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட நாறும். அடியில் மெழுகுதிரியால் இரண்டு கோடு இழுத்துவிட்டால் துருவும் பிடிக்காது, தள்ளவும் லேசாக இருக்கும். ஒட்டப் போகும் விளிம்பிலும் பொலிஷ் அடிக்கப் போகும் முகத்திலும் மட்டும் எண்ணெய் பட்டுவிடாமல் சீவுளியைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக அப்பப்பாவின் மரச் சீவுளி. அதைத் தூக்கி எறியாமல் கேட்டதற்குச் சந்தோசம். முதலில் ஆப்பைக் கழற்றுங்கள், அலகைப் பிடித்து இழுக்காதீர்கள். நீளமான சீவுளி என்றால் மூக்குப் பக்க மேல்முகத்தில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு, குட்டையானது என்றால் குதியில். ஆப்பு தானாகத் தளரும். அலகை வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஷெஃபீல்ட் கம்பெனி ஒன்றின் முத்திரையும் காஸ்ட் ஸ்டீல் என்ற எழுத்தும் தெரிந்தால், அது மெல்லிரும்பின் மேல் கெட்டி உருக்கை உலையில் ஒட்டி அடித்த அலகு. பக்கவாட்டில் தேய்த்தால் இரண்டு உலோகமும் சேரும் கோடு தெரியும். கூர்ப் பக்கம் தடிப்பாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கும். இன்று காசு கொடுத்து வாங்கும் பல அலகுகளை விட நன்றாகக் கூர் பிடிக்கும். அடி மழைக்கு ஊதியும் வெயிலுக்குச் சுருங்கியும் வளைந்திருக்கும். ஆப்பையும் அலகையும் வேலை இறுக்கத்தில் செருகி, அலகை உள்ளே வைத்து, அதே கருங்கல்லில் 120 தர சான்ட் பேப்பரில் பத்து இழுப்பு இழுங்கள். வாயைச் சுற்றி மரம் மிகவும் தேய்ந்திருந்தால், வாய்க்கு முன்னால் கெட்டி முதிரைத் துண்டு ஒன்றைப் பதித்துக்கொள்ளலாம். உளியும் பொறுமையும் இருந்தால் ஒரு பின்னேர வேலை. அதன் மேல்தகட்டின் திருகாணி துருவில் இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாதீர்கள், எண்ணெய் விட்டு இரண்டு நாள் வையுங்கள். அலகின் முத்திரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்தச் சாய்வில் தீட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.